இடது மூக்கு முதலில்

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ஹாலில் கொடி கட்டியிருக்கிறேன், நடந்தால் ஈரச் சட்டை முகத்தில் அறைகிறது. பாதி துணி சேகருடையது. தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம். ஹாலில்தான் படுக்கை. இதற்கு முன்னால் எங்கெங்கோ விழுந்து கிடந்தான், அதற்கு இது மேல்.

மூக்குச் சொட்டு தீர்ந்துவிட்டது. இரண்டு வாங்க வேண்டும். ஒன்று பைக்கு, ஒன்று தலையணைக்கு.

சாயங்காலம் வழக்கமான குடிச் சோதனை. சேகர் பெயின்ட் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நிற்க வேண்டும். வாயைத் திறந்து ஊத வேண்டும். நித்யா மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். நான் பார்க்கலாம் என்றால் என் மூக்கு செத்துப் பல வருடம். கற்பூரம் காட்டினாலும் தெரியாது. வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வர ஒன்பதாகும். வந்து முகர்ந்தாலும் "தின்னர் வாடைதான் அடிக்குது" என்பார். ஆகவே பெண்ணின் தலையில். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தை நீட்டுகிறாள். "இல்லம்மா" என்கிறாள். உள்ளே ஓடுகிறாள்.

பி.யூ.சி. படிக்கிற பெண் செய்கிற வேலையா இது. சீ.

ஜூன் 18, புதன்

கார்மென்ட்ஸ் கம்பெனி பஸ் தாமதம். ஒக்கலிபுரம் பாலத்தடியில் தண்ணீர்.

இன்று செக்கிங் மேஜையில் பக்கத்து ஷாகிரா அவளுடைய அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் குடி. நான் சேகரைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொன்னால் மே மாதத்தையும் சொல்ல வேண்டும்.

மே மாதம்: சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு அவனை உள்ளறையில் போட்டுப் பூட்டினோம். ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கொடுக்காமல் இருந்தால் தானே தெளிந்துவிடுவான் என்றார்கள். தெளியவில்லை. மறுநாள் கை நடுக்கம். ஆறாக வியர்வை. சுவரில் எறும்பு வரிசை போகிறது, அடி அடி என்று கத்தல். அப்புறம் வலிப்பு. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம், லுங்கியிலேயே எல்லாம். நான்தான் துடைத்தேன். கூடப் பிறந்தவன் என்கிற நினைப்பு அப்போது வரவில்லை. வாளி எப்போது நிறையும், எப்போது கொட்டலாம் என்றுதான் இருந்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம்.

இப்போதும் அவன் சாப்பிட்ட தட்டைத் தனியாகத்தான் கழுவுகிறேன். அவனுக்குத் தெரியும்.

ஜூன் 21, சனி

ஆஸ்பத்திரி. சேகருக்கு மாதச் சோதனை, எனக்குக் குடும்பத்தாருக்கான கூட்டம். மூடிய அறை, மின்விசிறி ஓடவில்லை, எல்லோருக்கும் ஒரே முகம். எதிரில் ஒரு பெரியவர் மருமகளோடு வந்து கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார்.

கவுன்சிலர் அம்மா கன்னடக்காரர். தமிழில் நன்றாகவே பேசினார். சொன்னது இவ்வளவு: குடி மூளையை மேலிருந்து அமுக்குகிறது. தினமும் அமுக்கினால் மூளை சும்மா இருக்காது, கீழிருந்து எதிர்த்துத் தள்ளப் பழகிக்கொள்ளும். பிறகு குடித்தால்தான் சமநிலை. திடீரென்று நிறுத்தினால் அமுக்குகிற கை போய்விடும், தள்ளுகிற கை மட்டும் நிற்கும். நடுக்கம், வலிப்பு எல்லாம் அந்தத் தள்ளல். எந்தச் சரக்கு சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்குகிறதோ அது சீக்கிரம் திரும்பக் கேட்கும், பிடியும் அதற்கு ஜாஸ்தி.

"வீட்ல பூட்டி வெக்கிறது பேடவே பேடம்மா. ஜீவக்கே அபாயா. மறுபடி ஆச்சுன்னா நேரா இங்க கூட்டிட்டு வாங்க" என்றார், என்னையே பார்த்து. பூட்டவே கூடாது, உயிருக்கே ஆபத்தாம். பூட்டியது என் முகத்தில் எழுதியிருந்தது போலும்.

திரும்பும்போது பஸ்ஸில் சேகர் மெதுவாக, "அக்கா, அந்த மீட்டிங் ரூம்ல நீ குந்தினு இருந்தப்ப ஜன்னல்ல பாத்தேன், நாலு வாட்டி மூக்குல ஊத்திக்கின" என்றான்.

குடிகாரன் எனக்குக் கணக்குச் சொல்கிறான். இறங்கியதும் கம்பத்துக்குப் பின்னால் போய்த் தலையை அண்ணாந்து இரண்டு சொட்டு.

ஜூன் 24, செவ்வாய்

எழுதவே கூசுகிறது.

வெளிநாட்டு ஆர்டர், வெள்ளைச் சட்டை. காலரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொத்தென்று ரத்தம். என் மூக்கிலிருந்து. துடைக்கக் குனிந்தால் அடுத்த சட்டையில். சூப்பர்வைசர் ரேணுகா மேடம் வந்து அந்தச் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார், செத்த எலியைத் தூக்குவதுபோல. அத்தனை பேர் முன்னால். கன்னடத்தில்தான் திட்டினார், எனக்கு அது தமிழைவிட நன்றாகப் புரியும்.

கழிப்பறையில் பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டு நின்றேன். அப்போதும் முதல் யோசனை என்ன? பஞ்சு வைத்தால் சொட்டு எப்படிப் போடுவது.

இந்தச் சொட்டு இந்த மேஜையில்தான் ஆரம்பித்தது. பஞ்சுத் தூசி, தீராத சளி. ஷாகிரா கொடுத்தாள், நல்லெண்ணத்தில். போட்ட நிமிடமே மூக்கு திறந்தது. அடடா என்று இருந்தது. அப்போது ராத்திரி மட்டும். அப்புறம் காலையும். இப்போது போட்டு அரை மணியில் மூக்குக்குள் சுவர் எழும்பிவிடுகிறது.

ஜூன் 26, வியாழன்

அரை நாள் லீவு. காது மூக்கு டாக்டர், சின்னப் பெண். விளக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். மறைக்க முயன்றாள், நான் பார்த்துவிட்டேன்.

"எத்தன வருஷமா போடறீங்க?"

சொன்னேன்.

"உங்களுக்கு இருந்த சளி எப்பவோ போயிடிச்சும்மா. இப்ப இருக்கற அடைப்பு இந்த மருந்து குடுத்தது."

விளக்கினாள். சொட்டு போட்டதும் மூக்குக்குள் ரத்தக் குழாய்கள் சுருங்கும், வழி திறக்கும். மருந்து இறங்கியதும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். கவுன்சிலர் அம்மா சொன்ன அதே அமுக்கல், அதே தள்ளல். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனுக்கும் எனக்கும் ஒரே பாடமா.

வழி: இரண்டையும் ஒன்றாக நிறுத்தினால் மூச்சுக்குத் தவித்து மறுபடி தொடங்கிவிடுவேனாம். இடது மூக்கு முதலில். வலதுக்கு இப்போதைக்குச் சொட்டு உண்டு. இடது சரியானபின் வலது. வேறொரு ஸ்ப்ரே கொடுத்தாள். போட்டதும் ஒன்றுமே தெரியாது, வேலை செய்ய நாளாகும் என்றாள். அது எதற்கு என்றேன். "ஒடனே சுகம் குடுக்காததாலதான் இதுக்கு யாரும் அடிமை ஆகறதில்ல" என்றாள்.

உப்பு நீரால் மூக்கைக் கழுவ வேண்டும். கழுவினேன். வந்ததை எழுதமாட்டேன்.

ஜூன் 28, சனி

இடது பக்கம் சிமென்ட் பூசியதுபோல். வாய் வழியாக மூச்சு, நாக்கு காய்ந்து செருப்பு மாதிரி. தலைவலி. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரியும். மூளை கேட்டால்தானே. ஒரே ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு என்கிறது.

அவர் சிரிக்கிறார். "மூக்குக்கு டீ-அடிக்‌ஷன் சென்டரா?" நித்யாவும் சிரித்தாள்.

சேகர் மட்டும் சிரிக்கவில்லை. வெந்நீர் போட்டுக் கொண்டுவந்தான். உப்பு கலந்தான். நான் கழுவித் துப்பிய கிண்ணத்தை அவனே எடுத்துப்போய்க் கழுவி வைத்தான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். இந்த வேகம் நிற்காமல் ஏறிக்கொண்டே போகாது, ஏறும், உச்சிக்கு வரும், பிறகு தானே இறங்கும், அந்த நேரத்தைத் தள்ளிவிட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"உனுக்கு மூக்கு, எனுக்குத் தல. உன்னுது ஆளச் சாவடிக்காது. அவ்ளோதாங்கா வித்தியாசம்."

நல்ல பேச்சு. ஆனாலும் அவன் தொட்ட கிண்ணத்தை மறுபடி ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஜூன் 30, திங்கள்

விடியற்காலை. குப்பை வண்டி வருவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று எழுந்தேன். எதை? தலையணைக்கடியில் இருந்த பாட்டிலை. நேற்று வீராப்பாக ஈரக்குப்பை வாளியில் போட்டது. வலதுக்கு என்று ஒரு பாட்டில் அலமாரியில் இருக்கிறது, அது அவர் பொறுப்பில். அவரிடம் கேட்க வெட்கம்.

முழங்கை வரை விட்டுத் துழாவினேன். டீத்தூள், மத்தி மீன் செதில், குடல், ஊறிப்போன சோறு, ஏதோ நெளிந்தது. மூக்கு செத்தது நல்லதாகப் போயிற்று. பாட்டில் கிடைத்தது. நைட்டியில் துடைத்தேன். மூடியைத் திறந்தும்விட்டேன். நிமிர்ந்தால் வாசற்படியில் சேகர்.

கையில் மீன் குடலோடு, நாற்பது தாண்டிய பொம்பளை. இதைவிட அசிங்கம் என்ன இருக்கிறது.

அவன் பாட்டிலைப் பிடுங்கவில்லை. "நான் சரக்கு பாக்கெட்ட கக்கூசு ஃப்ளஷ் டேங்க்ல ஒளிச்சு வெச்சி எடுத்துக் குடிச்சிருக்கங்கா. பாக்கெட்டு ஓட்ட, தண்ணி உள்ள பூந்திருந்துச்சி. அப்பவும் குடிச்சேன்" என்றான். பிறகு, "நான் வாங்கிக் கொட்டமாட்டேன். நீயே ஊத்து" என்றான்.

சாக்கடைத் துவாரத்தில் ஊற்றினேன். கை கழுவி, மறுபடி கழுவி, மறுபடி. அவன் வாளியை நிமிர்த்தி வைத்து, சிந்தியதை அள்ளிப்போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

இன்று அவன் தட்டைத் தனியாகக் கழுவவில்லை.

ஜூலை 4, வெள்ளி

இடது பக்கம் திறந்துவிட்டது. சொட்டு இல்லாமல். மதியம் சாப்பாட்டு நேரத்தில், யாரும் தொடாமல் ஒரு கதவு லேசாக நகர்ந்ததுபோல. ஷாகிராவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை, குனிந்து என் மூக்குக்குள் பார்க்க வந்தாள். தள்ளிவிட்டேன்.

நூல் தீர்ந்துவிட்டது என்று தையல் லைன் பாதி நேரம் நின்றது. சாயங்காலம் மழை இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

வாசனை வந்துவிட்டது. பூவும் சாம்பிராணியும் என்று நினைத்திருந்தேன். வந்தது என்ன?

என் தலையணை. புளித்த எச்சில். கைப்பை, உள்ளே எப்போதோ கசிந்த குழம்பு. அவருடைய பனியன். நித்யாவின் ஷூ. குளியலறைத் துவாரம். சந்து முனைச் சாக்கடை, மேலே கோழிக்கடைத் தண்ணீர். இத்தனை வருடம் இதற்குள்தான் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன்.

வீடு இப்படியா நாறும் என்று அவரிடம் கேட்டேன். "எப்பவும் இப்டிதான். உனக்குத் தெரியும்னு நெனச்சோம்" என்றார்.

நாள் முழுக்கப் பினாயிலும் துடைப்பமும். தலையணையை வெளியே எறிந்தேன்.

ஜூலை 7, திங்கள்

சாயங்காலம் சேகர் வந்து வாசலில் நின்றான். நித்யா வழக்கம்போல் முன்னால் போனாள். நான் அவளுக்குப் பின்னால், கையில் முறம். அவன் ஊதினான்.

தின்னர். அதற்கடியில் கிராம்பு. கிராம்புக்கடியில் சரக்கு. சந்தேகமே இல்லை. மே மாதம் எனக்கு எந்த வாசனையும் தெரியாது, ஆனாலும் அந்த அறை, அந்த லுங்கி எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது.

"இல்லம்மா" என்றாள் நித்யா. உள்ளே ஓடினாள்.

சேகர் என்னைப் பார்த்துச் சிரித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "மூக்கு எப்டிக்கா இருக்குது?" என்றான். நன்றாக இருக்கிறது என்றேன். கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. யாரைப் பிடிப்பது முதலில்? இவனையா, அவளையா?

ஜூலை 8, செவ்வாய்

காலை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நித்யாவிடம் கேட்டேன். மாமாவுக்காகப் பொய் சொன்னாயா என்று. இல்லை என்றாள். பிறகு அழுதாள்.

"நான் மோந்தே பாக்கலம்மா. ஒரு நாள்கூட. பக்கத்துல போறப்பவே மூச்சப் புடிச்சிக்குவேன். எனக்கு அருவருப்பா இருக்கும். இல்லன்னு சொன்னா எல்லாரும் உள்ள போயிடலாம்ல."

கை ஓங்கத்தான் தோன்றியது. யாரை அடிப்பது. வாசலில் நிற்கவைத்து அவள் முகத்தை அவன் வாய்க்கு நேராகத் தள்ளியது நான். இனி நீ செய்ய வேண்டாம் என்றேன். ஈர பெட்ஷீட்டின் அந்தப் பக்கம் நின்று மூக்கைச் சிந்தினாள்.

சாயங்காலம் சேகர் ஊத வாயைத் திறந்தான். வேண்டாம், தெரியும் என்றேன். வாயை மூடிக்கொண்டான். படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் சொன்னான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாளிலேயே மறுபடி தொடங்கிவிட்டான். முதலில் சாயங்காலம் ஒரு பாக்கெட், உடம்பு வலிக்கு. இப்போது காலையில் எழுந்ததும் ஒன்று, இல்லாவிட்டால் பிரஷ் பிடிக்க முடியாது. மதியம் ஒன்று. வீட்டுக்குள் வருமுன் ஒன்று, அப்புறம் கிராம்பு.

என்னோடு உட்கார்ந்திருந்தாயே அன்றெல்லாம், என்றேன்.

"அப்பவும் போட்டுனுதாங்கா இருந்தேன்."

"அப்பறம் எதுக்கு என்ன மட்டும் ஊத்தச் சொன்ன?"

"உன்னுதாவது போவுதேன்னு."

அவர் வந்ததும் சொன்னேன். இப்போதே வெளியே போகட்டும் என்றார், அவன் பெட்டியையும் எடுத்துவிட்டார். இல்லையென்றால் மறுபடி பூட்டு என்றார். பூட்டமாட்டேன் என்றேன். ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கென்று கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டேன். கவுன்சிலர் அம்மா எடுத்தார். காலையில் முதலிலேயே கூட்டி வாருங்கள், படுக்கை சொல்லிவைக்கிறேன். அதுவரை குடியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், போனமுறை வலிப்பு வந்த ஆள், இந்தமுறை இன்னும் மோசமாக வரலாம். நடுக்கமோ உளறலோ அதிகமானால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்றார்.

வீட்டுக்காரருக்கு இது தலைகீழாக இருந்தது. "ஆஸ்பத்திரிக்காரங்களே குடிக்கட்டும்ங்கிறாங்களா? த்தூ" என்றார். பெட்டியைக் கீழே வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்.

ஜூலை 9, புதன்

சேகரை வார்டில் சேர்த்தாயிற்று. ஊசி போட்டுத் தூங்குகிறான். இனி மாத்திரையைக் கொடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இறக்குவார்களாம். சட்டென்று இறங்காத மாத்திரை, அதனால் தள்ளலும் மெதுவாக இருக்கும் என்றாள் நர்ஸ். இரண்டு மூக்கையும் ஒன்றாக நிறுத்தாத மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். என் வலது பக்கம் வரும் வாரம்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அவனுக்குக் கை நடுக்கம், பித்தான் போட முடியவில்லை. நான்தான் போட்டுவிட்டேன். சந்து முனைக்கு வந்ததும் நின்றுவிட்டான். "ஒண்ணே ஒண்ணுக்கா. இல்லன்னா பஸ்ல வுழுந்துருவேன்." பையில் வைத்திருந்தான். சரி என்றேன். என் வாயால் சரி என்றேன். டிரான்ஸ்பார்மர் பெட்டிக்குப் பின்னால் போனான். மூத்திர வாடை வீசுகிற இடம். பாக்கெட் மூலையைப் பல்லால் கிழித்தான், நடுக்கத்தில் பாதி தாடையில் ஒழுகியது, அதையும் விரலால் வழித்து நக்கினான். நான் தெருவைப் பார்த்தபடி காவல் நின்றேன். எனக்கு அத்தனையும் மணத்தது. நல்ல நாளில் வந்தது மூக்கு.

பஸ்ஸில் கூட்டம். நிற்கத்தான் இடம். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்மேல் சாய்ந்தான். வாயிலிருந்தும் சட்டையிலிருந்தும் வீசியது. சுற்றி நின்றவர்கள் நகர்ந்தார்கள். ஜன்னலோரம் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் அத்தனை அருவருப்பு. எனக்குத் தெரிந்த முகம்தான், என்னுடையது.

"இந்தாளத் தள்ளி நிக்கச் சொல்லும்மா. உம்மேல வந்து வுழறான் பாரு" என்றாள்.

என் தம்பி என்றேன்.